சுவிட்சைத் தொடவே இல்லை

போன வாரம்தான் அது நடந்தது. லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், மாடிப்படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் முதலில் சிரித்துவிட்டு, அப்புறம்தான் ஐயோ பாவம் என்றார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது, "எலும்பு கூடற வரைக்கும் ஆபீஸை மறந்துடுங்க" என்று டாக்டர் சொல்லும் வரை.

மறப்பதாவது! கம்பெனியில் அவளைக் கன்ட்ரோல் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் புகார் அவள் திரையில் சிவப்பு வரியாக வந்து விழும். எந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறான் என்று பார்த்து, ஒரு வேலை எண் போட்டு அவனை அனுப்புவாள். அந்த எண் வராமல் யாரும் லிஃப்ட் கதவில் கை வைக்கக்கூடாது. ஒருவன் மேலே நின்று ரிப்பேர் பார்க்கையில், அது தெரியாமல் இன்னொருவன் கீழே பட்டனைத் தட்டினால் என்ன ஆகும்? எண் போடுகிற அதிகாரம் அவள் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். போன் எடுத்துப் புகார் எழுதுகிற மூலையிலிருந்து அந்த நாற்காலிக்கு வர அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து.

மேனேஜருக்குப் பட்டப்பெயர் கழுகு. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எல்லாருடைய முதுகையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். "கண்ணு முன்னாடி இருந்தாத்தான் வேலை. வீட்டுல உக்காந்து வீட்டுக் கம்ப்யூட்டர்லேர்ந்து ஆபீஸை ஓட்டறதா? வீட்டுக் கம்ப்யூட்டர்னா வர்றவன் போறவன்லாம் கை வைப்பான்" என்று ஒற்றைக்காலில் நின்றார். கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் பையன், 'கேபிள்' என்று பேர் எடுத்தவன், அவரைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு நாள் சோதனைக்குச் சம்மதிக்க வைத்தான்.

"திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஒரு சின்னக் கோளாறு வரக்கூடாது. வந்தா, மறுநாள் அந்தச் சீட்ல வேற ஆள்" என்றார் கழுகு.

அந்தத் திங்கட்கிழமைதான் இன்று.

•

கன்ட்ரோலுக்கு விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி தலை வாரி, ஆபீசுக்குப் போகிற உடுப்பையே உடுத்திக்கொண்டாள். கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டர் அவளுடையது இல்லை, நாத்தனாருடையது. கார்ட்டூன் படம் போடுகிற வேலை அவளுக்கு. ஒவ்வொரு பாகமாக வாங்கித் தானே கோத்த பெட்டி அது. மூடியில்லாத பக்கத்தில் நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும். வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர். அந்தப் பேருக்கு இதுவரை ஒரு குறையும் வைத்ததில்லை.

இன்று என்னவோ வாலு சுருண்டு கிடந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, ஒரு விஷயம்..."

"வந்து சொல்லுடி. இப்ப எனக்கு எதுவும் காதுல ஏறாது."

"இல்ல அண்ணி, இந்தக் கம்ப்யூட்டர்..."

"ஐயோ, பத்திரமா பாத்துக்கறேன்டி! ஒரு கீறல் விழாது. போதுமா? கிளம்பு, பஸ் போயிடப் போகுது."

வாலு வாயைத் திறந்தாள், மூடினாள், போய்விட்டாள்.

அடுத்து மாமனார். மின்சார இலாகாவில் சப் ஸ்டேஷனை ஆண்ட மனிதர். சும்மா எரிகிற விளக்கைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். ஆபீசில்தான் மருமகள் கன்ட்ரோல். வீட்டில் கன்ட்ரோல் அவரிடம். ஆள் இல்லாத அறையில் ஃபேன் சுற்றினால் அது யார் வீடாக இருந்தாலும் உள்ளே போய் அணைத்துவிட்டு வருவார். மனைவி போன பிறகு அந்தப் பழக்கம் இன்னும் முற்றிப் போயிருந்தது. மகன் லாரி எடுத்துக்கொண்டு வெளியூர் போனால் அப்பாவிடம் சொல்லிக்கொள்வதே, "வர்றேன்ப்பா, எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டேன்" என்றுதான்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இந்தக் கம்ப்யூட்டர் சுவிட்சைத் தொடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏம்மா, நான் என்ன சின்னக் குழந்தையா? தொடமாட்டேன்னா தொடமாட்டேன். வாக்குன்னா வாக்கு."

அவர் வாக்குத் தவறாதவர். அதுதான் இன்றைக்கு வினையாகப் போகிறது.

கேபிள் சொல்லிக் கொடுத்தபடி தனக்கென்று போட்டுக் கொடுத்த கணக்கில் நுழைந்தாள். போனுக்கு வந்த ரகசிய எண்ணைத் தட்டினாள். திரை ஒரு கணம் கறுத்தது. அடுத்த கணம் ஆபீசில் இருக்கும் அவளுடைய கம்ப்யூட்டரின் திரை அப்படியே வந்து கண்முன்னால் நின்றது! அவள் வைத்துவிட்டு வந்த இடத்திலேயே எல்லாம் இருந்தது. மவுஸை இங்கே அசைத்தாள், அங்கே அசைந்தது.

"வந்துடுச்சு!" என்று கத்தியேவிட்டாள். அடுப்படியில் இருந்த மாமனார் யார் வந்தது என்று பார்க்க வாசலுக்கு ஓடினார்.

உடனே கேபிளின் போன். சிரிப்பில் அவனுக்குப் பேச்சே வரவில்லை. "அக்கா, இங்க வந்து பாக்கணும் நீங்க! நாற்காலி காலி, உங்க திரையில அம்புக்குறி மட்டும் தானா ஓடுது. டீ கொண்டு வந்தவர் டம்ளரை வெச்சுட்டு ஓடியே போயிட்டாரு. சீட்டுல பேய் உக்காந்திருக்குன்னு மாடி பூரா பேச்சு!"

"கழுகு?"

"கண்ணாடிக்குள்ளேர்ந்து முறைச்சுட்டு இருக்காரு. நான் கிளை ஆபீசுக்குக் கிளம்பறேன்க்கா, அங்க ஒரு மெஷின் மக்கர் பண்ணுது. அந்த ஒரு விதியை மட்டும் மறந்துடாதீங்க."

கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்த அன்றே அந்த விதியை அவன் பாடம் மாதிரி ஒப்பிக்க வைத்திருந்தான். பெட்டி வீட்டுப் பெட்டி, ஆனால் உள்ளே தெரிவது ஆபீஸ். நாற்காலியை விட்டு எழுந்தால் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

காலைப் பொழுது பறந்தது. ஒரு ஆஸ்பத்திரி, ஒரு துணிக்கடை, பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று. சிவப்பு வரி வர வர எண் போட்டு அனுப்பினாள், ஒவ்வொன்றாகப் பச்சையாயின. பின்னால் நின்று டீ உறிஞ்சுகிறவர்கள் இல்லை. முதுகில் யாருடைய கண்ணும் இல்லை. இவ்வளவு வேகமாக அவள் ஆபீசில்கூட வேலை பார்த்ததில்லை. வாலு நடுவில் போன் செய்தாள். "அண்ணி, அந்த விஷயம்..." என்று ஆரம்பிப்பதற்குள் ஒரு சிவப்பு வரி வந்துவிட, "அப்புறம்டி!" என்று வைத்துவிட்டாள்.

சாப்பாட்டு வேளை வந்தது. கால் விண்விண் என்று தெறித்தது. கையில் ஊன்றுகோலை எடுத்து, ஒற்றைக் காலில் தத்தித் தத்திச் சாப்பாட்டு மேசைக்குப் போனாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அந்தச் சந்தோஷத்தில் திரையைப் பூட்ட மறந்துபோனாள்.

•

சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது திரையில் வாலு வரைந்த மூக்கு நீண்ட பூனை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் ஒரு அறிவிப்பு: இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மறுபடி முயன்றாள். இல்லை. இன்னொரு முறை. ஊஹும்.

கேபிளைக் கூப்பிட்டாள். அவன் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, கனெக்ஷன்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆபீஸ்ல உங்க மெஷினே அணைஞ்சு கிடக்கு. யாரோ உங்க வீட்டுத் திரையிலேர்ந்துதான் அணைச்சிருக்காங்க" என்றான்.

"வீட்டுலேர்ந்தா? இங்க எரிஞ்சுட்டுத்தானே இருக்கு!"

"கை உங்க வீட்டுல, மெஷின் ஆபீஸ்லக்கா. நீங்க திரையில எதை அழுத்தினாலும் அது அங்கதான் நடக்கும். அணைக்கச் சொன்னா அங்கதான் அணையும். இனி யாராவது நேர்ல போய்ப் பட்டனை அழுத்தினாத்தான் உயிர் வரும்."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மாமா எங்கே? மேசை மேல் அவருடைய கண்ணாடிக் கூடு மட்டும் இருந்தது. உன் கால் வலிக்கு மாத்திரை வாங்கி வருகிறேன் என்று சாப்பிடும்போது சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மணி. விட்டு விட்டு, அவசரமாக. லிஃப்ட் கம்பெனிக்காரிக்கு அந்த மணி எதுவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

போன் அடித்தது. மாமனார்.

"அம்மாடி, நான்தான். ஒண்ணும் பயப்படாத. நம்ம லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. லைட்டு, ஃபேன் ரெண்டும் போச்சு. உங்க கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேன். புகார் பதிஞ்சாச்சு, கன்ட்ரோல்லேர்ந்து உடனே ஆள் அனுப்புவாங்கன்னு ஒரு பொண்ணு அவ்வளவு மரியாதையா சொல்லுச்சு. நல்ல கம்பெனிம்மா உங்களது!"

கன்ட்ரோல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"மாமா... கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?"

"சத்தியமா சுவிட்சைத் தொடவே இல்லம்மா! கை பக்கத்துலகூடப் போகல. நீ சாப்பிடப் போயிட்ட, அது சும்மா ஓடிட்டே இருந்துச்சு. சுவிட்சுல அணைச்சா பெட்டி கெட்டுடும், மவுஸ்லதான் அணைக்கணும்னு வாலு சொல்லிக் குடுத்திருக்கா இல்ல? அதான் பதமா, மவுஸ்லயே அணைச்சேன். ஆனா பாரு, ஒண்ணை அணைச்சா உள்ளேர்ந்து இன்னொண்ணு வருது, பூனைப் படத்தோட. அதை அப்புறம் பாத்துக்கலாம்னு வந்துட்டேன்."

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தன்னைக் காப்பாற்ற வேண்டிய மெஷினைத் தானே அணைத்துவிட்டு, அந்தரத்தில் நின்றுகொண்டு கம்பெனியைப் புகழ்கிறார் மனுஷர்!

ஸ்பேனர் என்று பேர் வாங்கிய மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். கடைசியாக அவனை அனுப்பிய இடம் பக்கத்துத் தெருதான். அவன் பதறிப்போய், "இதோ வந்து கதவுகிட்ட நிக்கிறேன்க்கா. ஆனா நம்பர் குடுங்க. நம்பர் இல்லாம நான் கை வெச்சா என் வேலையும் போகும், மாமா உசுருக்கும் ஆபத்து" என்றான். அவன் சொல்வது சரிதான். அந்த விதியை மெக்கானிக்குகளுக்கு நாள்தோறும் ஓதுகிறவளே அவள்தானே.

கேபிள் மறுபடி போனில் வந்தான். "அக்கா, பதறாதீங்க. நான் வண்டியைத் திருப்பிட்டேன். அரை மணி நேரம் பொறுங்க, நானே போய் ஆன் பண்ணிடறேன். கழுகுக்குக் காத்துவாக்குலகூடத் தெரியாது."

"எல்லாரும் சாப்பிடப் போயிருப்பாங்க. மாடியில இப்ப யார் இருக்கா?"

"போன் எடுக்கற பொண்ணு லைனை விட்டு நகர முடியாது. மத்தபடி அவர் ஒருத்தர்தான். வேணாம்க்கா! அவர்கிட்ட மட்டும் போகாதீங்க. ஒரே நாள் சோதனை, ஒரு கோளாறுகூட வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. சீட்டு போயிடும்!"

அரை மணி நேரம். மணி மறுபடி அடித்தது. இந்த முறை கொஞ்சம் மெதுவாக. காற்றில்லாத பெட்டிக்குள் வயசான மனுஷன். அதுவும் இவள் கால் வலிக்கு மாத்திரை வாங்கக் கிளம்பியவர்.

நாற்காலியாவது மண்ணாவது! கழுகின் எண்ணை அழுத்தினாள்.

"சார், என் மெஷின் அணைஞ்சுடுச்சு. தயவுசெஞ்சு என் சீட்டுக்குப் போய் ஆன் பண்ணுங்க. லிஃப்ட்ல ஒருத்தர் மாட்டியிருக்காரு."

எதிர்முனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "அணைஞ்சுடுச்சா? எப்படி?"

"சொல்றேன் சார், எல்லாம் சொல்றேன். முதல்ல ஓடுங்க!"

கழுகை ஓடச் சொன்ன முதல் ஆள் அவள்தான். ஆனால் ஓடினார்! மூச்சிரைப்பது போனில் கேட்டது.

"வந்துட்டேன். எங்க இருக்கு பட்டன்? திரைக்குப் பின்னாலயா?"

"இல்ல சார். மேசைக்கடியில பெட்டி. குனியணும்."

"குனிஞ்சுட்டேன்... இங்க ஏம்மா செருப்பு இருக்கு?"

"என்னுதுதான் சார். பெட்டிக்கு முன்பக்கம், மேல, வட்டமா ஒண்ணு."

'டொம்' என்று ஒரு சத்தம். மேசையில் தலையை இடித்துக்கொண்டார் போலிருக்கிறது. "ம்... விளக்கு எரியுது."

"அழுத்திட்டீங்களா சார்? நீங்க நல்லா இருக்கணும்!"

திரையில் சக்கரம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ரகசிய எண் வந்தது. அவசரத்தில் முதல் தடவை தப்பாகத் தட்டினாள். இரண்டாம் தடவை பூனை மறைந்து ஆபீஸ் திரை வந்து நின்றது. சிவப்பு வரிகள் சேர்ந்து கிடந்தன. முதலில் அவள் வீட்டு விலாசம்! எண் போட்டாள், ஸ்பேனர் பேரைத் தட்டினாள். அடுத்தது பள்ளிக்கூடம், அதற்கு ஒருவன். அதற்கடுத்தது ஓட்டல், அதற்கு இன்னொருவன். கை நிற்கவேயில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புக் கதவு நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்பேனரின் குரல்: "பாத்து வாங்கய்யா, மெதுவா... வந்துட்டாரு அக்கா!"

கன்ட்ரோல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிரித்துக்கொண்டேதான் அழுதாள்.

•

சட்டை முழுக்க வேர்வையோடு மாமனார் உள்ளே வந்து நின்றார். கழுகு இன்னும் போனை வைக்கவில்லை.

"சரி. இப்பச் சொல்லுங்க. மெஷினை யார் அணைச்சது?"

அதே நொடியில் கேபிளிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது: 'ஆபீஸ்ல கரண்ட் போச்சுன்னு சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்.'

வாசித்தாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு வராது.

"நான் பூட்டாம எழுந்து போயிட்டேன் சார். என் தப்பு..."

"அவ தப்பு இல்ல!" மாமனார் போனை நோக்கிக் குனிந்து சப் ஸ்டேஷன் குரலில் முழங்கினார். "அணைச்சது நான். லிஃப்ட்ல மாட்டினதும் நான்தான். சீட்டை விட்டுத் தூக்கணும்னா என்னைத் தூக்குங்க!"

"நீங்க எங்க கம்பெனியிலயே இல்லையே சார்" என்றார் கழுகு.

பிறகு அவரே தொடர்ந்தார். எப்போதும் இருக்கும் அதட்டல் அந்தக் குரலில் இல்லை.

"பட்டனை அழுத்திட்டு நான் உங்க நாற்காலிக்குப் பின்னாலயே நின்னுட்டேன்மா. நீங்க எண் போட்டதெல்லாம் பாத்தேன். இத்தனை வருஷமா அந்தக் கண்ணாடிக்குள்ளேர்ந்து உங்க முதுகைத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன். வேலையை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மாமனார் வேர்வையைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா விதி விதிதான்" என்று பழைய குரலுக்குத் திரும்பினார் கழுகு. "நாளைக்குக் காலையில நானே உங்க வீட்டுக்கு வர்றேன். அந்தக் கம்ப்யூட்டரை, அது இருக்கற இடத்தை, எல்லாத்தையும் என் கண்ணால பாக்கணும். எனக்குத் திருப்தியா இருந்தா, கால் சரியாகற வரைக்கும் நீங்க அங்கேர்ந்தே ஓட்டலாம். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. கேபிள் ஆபீஸ் கணக்குல பதிஞ்சு குடுத்த அந்தப் பெட்டிதான். பெட்டி மாறுச்சுன்னா பேச்சே கிடையாது, சீட்ல வேற ஆள்."

"மாறாது சார்! எப்படி சார் மாறும்?"

போனை வைத்ததும் ஊன்றுகோலைத் தூக்கி எறிந்து ஆடியிருப்பாள், கால் மட்டும் நன்றாக இருந்திருந்தால். மாமனார் ஆடினார், மருமகளுக்கும் சேர்த்து.

படபடவென்று மாடிப்படியில் யாரோ ஓடி வரும் சத்தம். வாலு! அப்பா மாட்டிக்கொண்ட சேதி கேட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள், அண்ணியைக் கட்டிக்கொண்டாள், நடந்ததை எல்லாம் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது.

"அதே பெட்டிதான் இருக்கணும்னா சொன்னாரு?"

"ஆமாடி. ஏன்?"

"அண்ணி, காலையிலேர்ந்து நான் சொல்ல வந்தது அதுதான்." வாலு தரையைப் பார்த்தாள். "எனக்குப் புது ஆபீஸ்ல லேப்டாப் குடுக்கறாங்க இல்ல? இது கரண்டைக் குடிக்குது, முதல்ல வெளிய அனுப்புன்னு அப்பா தினமும் நச்சரிச்சாரு. உங்க கால் உடையறதுக்கு முன்னாடியே இதை வித்துட்டேன் அண்ணி. முன்பணமும் வாங்கிட்டேன். நாளைக்குக் காலையில எடுத்துட்டுப் போக வர்றாங்க."

கன்ட்ரோல் பெட்டியைப் பார்த்தாள். அது பாட்டுக்கு நீலமும் சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்து போய் அணைக்கவில்லை.

மாமனார் தொண்டையைக் கனைத்தார்.

"வாலு, வாங்க வர்றவங்க... லிஃப்ட்லதானே வருவாங்க?"